ஆறு ருதுக்களும் ஓர் அறையும்

புது தாட்பத்ரியின் வீச்சம் மூக்கில் ஏறினால் எனக்கு அக்கா ஞாபகம்தான் வரும். மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் விரித்துக் கட்டுவார்களே, அந்த நீலத் தார்ப்பாய்க்கு இந்த ஊரில் அதுதான் பேர். செம்பூரில் எங்கள் கட்டிடத்தின் மாடி, கட்டிய வருஷத்திலிருந்தே ஒழுகுகிறது. மே மாதக் கடைசியில் இரண்டு ஆட்கள் ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார்கள். வெயிலில் வெந்த ரப்பர், கொஞ்சம் மண்ணெண்ணெய், எங்கோ ஒரு கருவாடு. எல்லாம் சேர்ந்த அந்த வீச்சம் நான்காம் மாடியில் எங்கள் ஹாலுக்குள் நுழைந்து, அழையாத விருந்தாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஹாலில்தான் அக்கா பதினெட்டு வருஷம் படுத்தாள்.

அம்மா போனபின் மாட்டுங்கா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தவள். தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, கேட்காமலிருப்பது மரியாதை என்று சௌகரியமாக நினைத்துக்கொண்டேன். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து மெத்தையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் செருகிவிடுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் கிடையாது. பால்காரன் மணி அடிப்பான், என் மனைவி ஆபீசுக்குக் கிளம்பச் சீப்பைத் தேடுவாள், என் மகள் டீவியைப் போடுவாள், நான் பேப்பரை விரிப்பேன். அக்கா அடுக்களை வாசலில் நின்றபடியே காபி குடிப்பாள். பதினெட்டு வருஷம் நின்றபடியே குடித்தாள். கவிதை எழுதுகிற மனுஷன் நான். எதிர் கட்டிடத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் புறாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்போது மாட்டுங்காவுக்கு வருகிறேன். அங்கே ஒரு மாடி ஹாலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை, மனிதர்கள் கூடித் தங்கள் வாழ்க்கைக்கு இலக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். இலக்கு வைப்பது இப்போது ஊர் முழுக்கப் பரவிய சொறி. வருஷ ஆரம்பத்தில் ஒருதரம் சொறிந்துகொண்டால் போதாதாம், பருவத்துக்குப் பருவம் சொறிய வேண்டுமாம். இந்த மண்டலியைத் தொடங்கியவர் அணுசக்தி நகரில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. உத்தியோகத்தில் என்ன செய்தார் என்று அவர் சொல்லமாட்டார், ரகசியமாம். ஓய்வு பெற்றதும் ரகசியமில்லாத ஒரு வேலை தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் நாலு பருவம் வைத்துத் திட்டம் போடுகிறான், நம்மிடம் ஆறு ருது இருக்கிறதே என்று ஒரு நாள் அவருக்கு உதித்திருக்கிறது. உடனே பச்சை அட்டை போட்டு நோட்டு அச்சடித்துவிட்டார். ருதுவுக்கு எட்டுப் பக்கம். பக்கத்துக்கு மூன்று பத்தி: இலக்கு, படிகள், சாட்சி.

அந்தச் சாட்சிதான் மண்டலியின் விசேஷம். நீங்கள் எடுத்த இலக்கு நடந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லக்கூடாது. உங்களுக்கென்று நியமித்த இன்னோர் அங்கத்தினர் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். "தன் பரீட்சை பேப்பரைத் தானே திருத்தப்படாது ஓய்," என்பார் மாமா.

ஆரம்பத்தில் புரோகிதம் பண்ணும் வாத்தியார் ஒருவர் வந்து சங்கல்பம் செய்து வைப்பார். பூஜைக்கு முன்னால் சொல்வதுதான்: இன்ன வருஷம், இன்ன அயனம், இன்ன ருது, இன்ன மாசம், இதிலே நான் இதைச் செய்யப்போகிறேன் என்று பகவானிடம் விலாசம் கொடுப்பது. எல்லோரும் தொடை மேல் கை வைத்துக்கொண்டு சொல்லி முடித்ததும் இட்லி வரும். நான் அந்த இட்லிக்காகத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு புத்தகம்கூட முடிக்காமல் இருந்தேன், பயம் வந்துவிட்டது. துணைக்கு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மண்டலி ஓர் ஆனி மாசம் பிறந்தது. பஞ்சாங்கப்படி ஆனியும் ஆடியும் க்ரீஷ்மம், அதாவது கடும் கோடை. பம்பாயில் அப்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். அன்றைக்கு கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். பேண்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் தூக்கி, ஒரு செத்த எலியோடு சேர்ந்து மிதந்து ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியார் வேட்டியைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "க்ரீஷ்ம ருதௌ" என்றார். ஜன்னல் கண்ணாடி மேல் தண்ணீர் வாளி வாளியாக விழுந்தது. இருபது பேரும் பயபக்தியோடு, "க்ரீஷ்ம ருதௌ" என்றார்கள்.

அக்கா என் காதருகே குனிந்தாள். "வெயில் காலமாம்டா. குடையை மடக்கு."

பிறகு ஒவ்வொருவராக எழுந்து இலக்கைச் சொன்னார்கள். ஒரு மாமி சர்க்கரையை விடப்போகிறாள். அவள் ஆத்துக்காரர், மாமியோடு சண்டை போடுவதை விடப்போகிறார். "ஒண்ணை விட்டா இன்னொண்ணு தானே போயிடும்," என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் தினம் பத்தாயிரம் அடி நடப்பேன் என்றார். பேரன் ஊஞ்சலில் போனைக் கட்டி ஆட்டிவிட்டே ருது முழுக்க அவர் நடந்து முடித்ததை நான் பின்னால் கண்டுபிடித்தேன். நான் எழுந்து, ருதுவுக்கு நூறு பக்கம், வருஷ முடிவில் ஒரு புத்தகம் என்றேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது.

அக்கா எழுந்தாள். "எனக்கு ஒரு ரூம்."

மாமா பேனாவைத் திறந்தார். "எக்ஸலண்ட். யாருக்கு?"

"எனக்குத்தான்."

சர்க்கரை மாமி குழைந்தாள். "தியானத்துக்காடி? அதுக்கெதுக்கு ரூம்? ஹால்லயே ஒரு மூலையா பாத்து ஸ்க்ரீன் போட்டுக்கோயேன்."

"தியானமெல்லாம் இல்லை மாமி. உக்காந்துக்க. படுத்துக்க. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா எழுந்திருக்காம இருக்க."

"ஐயோ, உடம்புக்கென்ன?"

"உடம்பு கல்லாட்டம் இருக்கு."

"எங்கே பாத்துண்டிருக்கேள்?" என்றார் மாமா.

"தாராவியிலே. ஸ்கூல்லேர்ந்து அஞ்சு நிமிஷம். என்கிட்டே படிச்ச பையனோட அம்மா, மாடியிலே ஒரு ரூம் காலியா இருக்குங்கறா."

ஹாலில் நாலைந்து தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில்வே லைன்தான் இருக்கிறது. இவர்கள் பேசும்போது கேட்டால் நடுவே சமுத்திரம் இருக்கிறது என்று தோன்றும். நான் தரையைப் பார்த்தேன். என் பேண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு குட்டித் தீவுக்கூட்டம் மாதிரி பரவியிருந்தது. அதை எப்படி வர்ணிக்கலாம் என்று யோசித்தேன்.

அணு உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரி, மாமாவுக்குப் படி பிரிக்கத் தெரியும். அக்காவின் ஒற்றை வாக்கியத்தை ஒன்பது படியாகப் பிரித்தார். தேவையை எழுதுக. குடும்பத்தாரோடு கலந்து பேசுக. மாற்று ஏற்பாடுகளைப் பட்டியலிடுக. அறை பார்ப்பது ஆறாவது படியில் வந்தது. ஒன்பதாவது படி, பால் காய்ச்சுதல். எழுதி முடித்தபின் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஆனா இது ஆனி. அடுத்தது ஆடி. புது ஜாகைக்குப் போற மாசமே இல்லையே இது ரெண்டும். ஆவணின்னு போட்டுக்கறேன். சாட்சி யாரு? தம்பியே இருக்காரே! ஆத்துக்குள்ளேயே சாட்சி, வேறென்ன வேணும்?"

அப்படித்தான் நான் அக்காவுக்குச் சாட்சியானேன். அவள் எனக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு வாடகை அறை. மண் பூஜை போட்டுக் கட்டிய மாளிகை இல்லை. ஒரு மெத்தை, ஒரு ஸ்டவ், நாலு புடவையோடு ஒரு பெண்பிள்ளை ஏறிப் போகிற பத்துக்குப் பத்து. அதற்கும் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது, மாசி பங்குனி ஆகாது. வருஷத்தில் பாதி போயிற்று. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடியில் விமானம் ஏறி அமெரிக்காவில் அபார்ட்மென்ட் சாவி வாங்கியிருக்கிறார்கள். அங்கே மாசம் கிடையாது போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நானும் அக்காவும் அந்த அறையைப் பார்க்கப் போனோம். சயானில் இறங்கி நடந்தோம். முப்பது வருஷமாக அவள் நடக்கிற பாதை. எந்தச் சந்தில் எந்தக் குழாய் உடைந்திருக்கும் என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. "டீச்சர், குட் மார்னிங்!" என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவள் நிற்காமலே, "ஹோம்வொர்க் எங்கே?" என்றாள். என் வீட்டில் அடுக்களை வாசலில் நிற்கிற மனுஷி இவள்தானா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வீட்டுக்காரம்மா திருநெல்வேலிப் பக்கம். கீழே இரண்டு அறையில் அவள் குடும்பம், வாசலில் இட்லிப் பானை, பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு மோரி. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள். ஒவ்வொன்றின் மேலும் கல், டயர், ஓட்டைச் சைக்கிள். மழை அவற்றின் மேல் ஆயிரம் தவில் வாசித்தது. அக்கா அறை நடுவில் போய் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். என் முன்னால் அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பிடிச்சிருக்கா டீச்சர்? பிடிச்சிருந்தா நாளைக்கே வந்திருங்க," என்றாள் வீட்டுக்காரம்மா.

"ஆடி போகட்டுமேன்னு..." என்று நான் இழுத்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரு டீச்சர்?"

"என் தம்பி."

"நாங்க சர்ச்சுக்குப் போற ஆளுவ சார். எங்களுக்கு ஏது ஆடி? ஆனா டீச்சருக்காவ வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரவிய சத்தம் போடுவாவ, நான் பாத்துக்கிடுதேன். ஆவணி ஒண்ணாந் தேதி வந்திருவியளா?"

"வந்துடறேன்," என்றாள் அக்கா.

அந்த அம்மாள் ஆடி முழுக்க அறையைப் பூட்டி வைத்திருந்தாள். நாலு பேர் வந்து கேட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பினாள். ஆவணி பிறந்தது. என் மகளுக்குப் புனேயில் காலேஜில் இடம் கிடைத்தது. என் மனைவி அவளைக் கொண்டுவிடப் போக வேண்டும், பத்து நாள் தங்க வேண்டும். அந்தப் பத்து நாள் காலையில் குக்கர் வைப்பது யார்? இந்தக் கேள்வியை நான் இப்படிக் கேட்கவில்லை. கவிஞன் அல்லவா, "வீடு வெறிச்சுனு இருக்கும்க்கா, அவ திரும்பி வரட்டும்," என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். சரி என்றாள். பத்து நாள் இருபது நாளாயிற்று. புரட்டாசி வந்தது. புரட்டாசியில் போகக்கூடாதே! ஊரிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு அறை போய்விட்டது. "நான் எம்புட்டு நாள்தான் டீச்சர் பூட்டி வைக்க?" என்று வீட்டுக்காரம்மா போனில் அழாத குறையாகச் சொன்னதை அக்கா எங்களிடம் சொல்லும்போது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கலில் ஒரு துண்டுகூடப் பெரிது சிறிது ஆகவில்லை.

அதற்கு மேல் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு பச்சை நோட்டுதான்.

மகள் போனதும் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியானது. ஜன்னல் உள்ள அறை, கீழே குல்மொஹர் மரம். மகளை விட்டுவிட்டு மனைவி வந்த மறுநாளே நான் என் மேஜையை உள்ளே நகர்த்தினேன். ருதுவுக்கு நூறு பக்கம் எழுத வேண்டுமே. சாயங்காலம் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசற்படியில் நின்று மேஜையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்ல வெளிச்சம்டா இங்கே," என்றாள். போய்விட்டாள்.

அந்த ருது முடிவில் நோட்டுக்களை மாற்றிக்கொண்டோம். என் நோட்டில், சாட்சிப் பத்தியில், பள்ளிக்கூட டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் அவள் எழுதினாள்: "எழுதவில்லை." கீழே கையெழுத்து. அவள் நோட்டில் நான் எழுதினேன்: "முன்னேற்றம் உண்டு."

ஐப்பசியில் தீபாவளி. தீபாவளியில் வீட்டை விட்டுப் போவார்களா? முன்னேற்றம் உண்டு. கார்த்திகையில் என் மனைவிக்குக் கழுத்து வலி. முன்னேற்றம் உண்டு. மார்கழி சொல்லவே வேண்டாம். தையில் ஒரு நாள் அக்காவே அறை பார்க்கப் போனாள். வேறு ஓர் இடம், தண்ணீர் வராத இடம், திரும்பி வந்தாள். அதையும் நான் விடவில்லை: "முன்னேற்றம் உண்டு, ஆறாவது படி எட்டப்பட்டது." மாசி, பங்குனியில் பரீட்சை. சித்திரையில் பேப்பர் திருத்தினாள். சோபாவின் ஓரத்தில், மடியில் பலகை வைத்து. நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குல்மொஹரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் ஐந்து ருதுவுக்கும் ஒரே வார்த்தைதான். ஒரு தடவை மட்டும், ஏதோ இரக்கப்பட்டு, "இரண்டு பக்கம்" என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

மறுபடி ஆனி. மறுபடி கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர். மறுபடி வாத்தியார் நனைந்த குடுமியை முடிந்துகொண்டு கோடை காலத்தை அறிவித்தார். மண்டலிக்கு ஓர் ஆண்டு பூர்த்தி, அதனால் பரிசளிப்பு. சர்க்கரை மாமிக்கு ஆறுதல் பரிசு. அவள் ருதுவுக்கு ஒருதரம் சர்க்கரையை விட்டிருந்தாள், நடுவில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊஞ்சல்காரருக்கு இரண்டாம் பரிசு.

மாமா தொண்டையைக் கனைத்தார். "முதல் பரிசு. ஆறு ருதுவிலும் தொடர்ந்து முன்னேற்றம் காட்டின ஒரே மெம்பர்! சாட்சி ரெக்கார்டு கையிலே இருக்கு. ஒரு ருதுகூட விடலை. எல்லாரும் கை தட்டணும்."

அக்காவைக் கூப்பிட்டார்கள். நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர். அதை வாங்கிக்கொண்டு நின்றாள். கை தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள், வகுப்பில் சத்தம் அடங்கக் காத்திருப்பதுபோல.

"மாமா, நான் இன்னமும் அந்த ஹால்லதான் படுத்துண்டிருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். பேச்சு தொடங்கும் முன் சொல்கிற ஹாஸ்யம் என்று நினைத்திருப்பார்கள்.

"நிஜமாத்தான். போன வருஷம் ஆனியிலே படுத்த அதே இடம். அரை அடி சோபா பக்கமா நகந்திருப்பேனோ என்னமோ. அதுதான் முன்னேற்றம்னா தம்பி எழுதினது சரி."

மாமா நோட்டைப் புரட்டினார். "ஆனா இங்கே ஆறாவது படின்னு..."

"படியெல்லாம் உங்க நோட்டுலதான் மாமா இருக்கு. அங்கே ஒரே ஒரு இரும்புப் படிதான். அந்த ரூம்ல இருந்தவா ஊருக்குப் போறாளாம், மறுபடி காலியாறது. ஆடி முதல் ஞாயித்துக்கிழமை நான் போறேன்."

"ஆடியிலேயா!" என்று நாலைந்து குரல் ஒன்றாக எழுந்தது.

வாத்தியார் அவசரமாக, "ஆவணியிலே நல்ல முகூர்த்தம் நாலு இருக்கும்மா, நான் குறிச்சுத் தரேன்," என்றார்.

"குறிச்சு வேற யாருக்காவது குடுங்கோ," என்றாள். கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே தண்ணீர் இன்னும் வடியவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கால் பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாக விரிய, நேராக நடந்து போனாள். நான் அந்த வட்டங்களை ரசிக்கவில்லை, முதல்முறையாக.

வீட்டில் அன்று மாலை பெரிய சபை. என் மனைவிதான் ஆரம்பித்தாள். "என்னக்கா இது? நாலு பேர் என்ன நினைப்பா? நாங்க அடிச்சு விரட்டிட்டோம்னு நினைக்க மாட்டாளா? அதுவும் தாராவிக்கு!"

"அந்த நாலு பேரும் வந்து இந்த ஹால்ல ஒரு வாரம் படுத்துட்டு அப்புறமா நினைக்கட்டும்."

"உங்களுக்கு இங்கே என்ன குறை வெச்சோம்?"

"ஒண்ணும் வெக்கலை. குறைகூட வெக்க இடமில்லையே."

மனைவி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. நான் எழுந்து உள் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். "அக்கா, இதை எடுத்துக்கோ. மேஜையை நான் இப்பவே நகத்தறேன்."

என்ன தாராளம்! ஒரு வருஷம் கழித்து, அவள் மெத்தையைக் கட்டத் தொடங்கிய பிறகு.

"வேண்டாம்டா. இது நீ எழுதற ரூம்."

"நான் எங்கே எழுதறேன்."

"அது எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டவ நான்தானே."

மனைவி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை நகர்த்தினாள். அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே.

"ஏன்க்கா போன வருஷமே கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்தினா நீ கேட்டுண்டிருப்பே. கேட்டுட்டு அதைப் பத்தி எழுதியிருப்பே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதியிருக்கவும் மாட்டே," என்றாள்.

ஆடி முதல் ஞாயிறு. விடியலிலிருந்து மழை. ஆட்டோக்காரர்கள் தாராவி என்றதும், "உதர் பானி பரா ஹை," என்று தண்ணீரைச் சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் ஒத்துக்கொண்டார். பின் சீட்டில் மெத்தை. மெத்தைக்கும் எனக்கும் நடுவே அக்கா. என் மடியில் ஸ்டவ். என் மனைவி கடைசி நிமிஷத்தில் இறங்கி வந்து, ஒரு பையில் சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் ஆட்டோவுக்குள் நீட்டினாள். "ராகு காலத்துக்கு முன்னாடி ஏறிடுங்கோ," என்றாள். அவளால் முடிந்த சமாதானம் அது. அக்கா அவள் கையை ஒருதரம் பிடித்துவிட்டு விட்டாள்.

சயான் தாண்டும் வரை ஆட்டோவின் இரண்டு பக்கமும் கட்டிய பிளாஸ்டிக் திரை காற்றில் அறைந்துகொண்டிருந்தது. திட்டமே போடாத எருமை ஒன்று நடுரோட்டில் நின்று, தன் பங்கு ஆகாயத்தை முதுகில் வாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சந்து முனைக்கே வந்துவிட்டாள். "வாங்க டீச்சர், வாங்க! ஒரு வருசம் சுணங்கிட்டிய. ஏ சார், மெத்தைய நனைய விடாதிய, இங்கிட்டுக் கொடுங்க." ஒற்றைக் கையால் மெத்தையைத் தூக்கி, இரும்புப் படியில் எனக்கு முன்னால் ஏறினாள். நான் ஸ்டவ்வோடு பின்னால். படி வழுக்கியது. கீழே இரண்டு பெண் குழந்தைகள், "டீச்சர் இங்க தங்கப் போறாங்களாம், செத்தோம்ல," என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். மேலிருந்து அக்கா, "காது கேக்கறது," என்றாள்.

சாமான் ஏற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பத்தாறு வருஷத்து மனுஷியை இறக்கி வைக்க அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. வீட்டுக்காரம்மா கீழே போய் மூன்று டம்ளர் டீ கொண்டுவந்தாள். பால் காய்ச்சவில்லையா என்று கேட்கப் போனவன், டீயிலேயே பால் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் குடித்தேன். அக்கா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, உட்கார்ந்து குடித்தாள். ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா இறங்கிப் போனாள். நான் சுற்றிப் பார்த்தேன். மின்விசிறியைப் போட்டு நிறுத்தினேன். மோரிக் குழாயைத் திறந்து மூடினேன். ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்தேன். போகிறவன் செய்கிற உதவாக்கரை வேலைகள் எல்லாவற்றையும் செய்து முடித்தபின், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அப்போ வரேன்க்கா. புதன்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கமா வருவேன், எட்டிப் பாக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. நீட்டிய காலை மடக்கவும் இல்லை.

"வரதுன்னா முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுண்டு வா."